காளான் யாருக்கு உறவு?



மழை ஓய்ந்த மறுநாட் காலையில், கரையான் புற்றருகே வெண்குடை விரித்து நிற்கும் காளானை நீங்கள் கண்டிருப்பீர்கள். அது மண்ணிலே முளைக்கிறது; இடம்பெயராமல் நிற்கிறது. ஆகவே அதனைச் செடிகொடிகளோடு சேர்த்து எண்ணுவது இயல்பே. நான் ஆசிரியப் பணியில் சேர்ந்த புதிதில், ‘காளான் பச்சையம் இல்லாத தாவரம்’ என்று கரும்பலகையில் எழுதினேன். மாணவன் ஒருவன் எழுந்து, “ஐயா, பச்சையம் இல்லை, வேர் இல்லை, இலை இல்லை, பூவும் இல்லை, பின் எதனால் அதைத் தாவரம் என்கிறோம்?” என்று கேட்டான். “புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது, உட்கார்” என்றேன். அன்று அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டிய விடையை இன்று உங்களுக்குச் சொல்கிறேன்.

1753இல் சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் தம் தாவர நூலில் காளான்களைப் பாசிகளோடும் பெரணிகளோடும் பூவா இனங்களில் சேர்த்தார். அவ்வழக்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் நிலைத்தது. 1969இல் அமெரிக்க அறிஞர் விட்டேக்கர் காளான்களுக்குத் தனி உலகமே வகுத்தார். உணவு கொள்ளும் முறையே அவருக்கு அடிப்படை. தாவரம் தன் உணவைத் தானே ஆக்குகிறது. விலங்கு உணவை உட்கொண்டு செரிக்கிறது. காளானோ செரிமான நீரை வெளியே சுரந்து, செரித்ததை உறிஞ்சுகிறது.

தனி உலகம் சரி. அதற்கு நெருங்கிய உறவு எது? தாவரம் மாவுப்பொருளைச் சேமிக்கிறது. காளான் நம் ஈரலைப் போலக் கிளைக்கோஜனைச் சேமிக்கிறது. அதன் செல்சுவரில் இருப்பது நண்டின் ஓட்டிலுள்ள கைட்டின். எனினும், ஒப்புமை மட்டுமே உறவுக்குச் சான்றாகாது. 1993இல் பால்டாஃப், பால்மர் என்னும் அறிஞர்கள் புரதங்களின் அமைப்பை ஒப்பிட்டு, காளான்களுக்கு நெருங்கிய உறவு விலங்குகளே என்று காட்டினர். பிற்கால மரபணு ஆய்வுகளும் அதனையே உறுதி செய்தன. ஒரே மூதாதையிலிருந்து கிளைத்த இரு குடிகள் அவை.

இதே அளவுகோல் சிலவற்றைக் காளான் கூட்டத்திலிருந்து வெளியேற்றவும் செய்தது. 1845இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பயிரில் ஒரு நோய் புகுந்தது. அதனால் நேர்ந்த பஞ்சத்தில் ஏறத்தாழப் பத்து லட்சம் மக்கள் மாண்டனர். அந்நோயை விளைத்த ஃபைட்டாப்தோரா, பூஞ்சண இழை போன்றே வளர்வதால் பூஞ்சை எனப்பட்டது. ஆனால் அதன் செல்சுவரில் செல்லுலோஸ் உண்டு. நீந்தும் வித்துகளுக்கு இரண்டு சாட்டைகள். அது பழுப்புப் பாசிகளின் உறவு என்று இன்று அறிவோம்.

இவ்வாராய்ச்சியால் என்ன பயன் என்பீர்கள். பூஞ்சைகளின் சவ்விலுள்ள எர்கோஸ்டிரால் என்னும் பொருள் உருவாகாமல் தடுக்கும் மருந்துகள் உண்டு. ஃபைட்டாப்தோரா அப்பொருளை உருவாக்குவதே இல்லை. ஆகையால் அம்மருந்தை அதன்மேல் தெளிப்பது வீண். உறவறியாத உழவனுக்குப் பணமும் போகும், பயிரும் போகும். மருத்துவத்திலும் அப்படியே. பாக்டீரியா நம்மிலிருந்து வெகுதூரம் வேறுபட்டது. அதன் செல்சுவரைத் தாக்கும் பெனிசிலினுக்கு நம் உடலில் இலக்கு இல்லை. பூஞ்சையோ நமக்குப் பங்காளி. அதனைக் கொன்று நம்மைக் காக்கும் மருந்து கிடைப்பது அரிது. கிடைத்தவற்றுள் சில சிறுநீரகத்தையும் தாக்குகின்றன.

வகைப்பாடு என்பது மனப்பாடத்திற்குரிய பெயர்ப்பட்டியல் அன்று, உயிர்களின் உறவுமுறை. சான்று மாறினால் அதுவும் மாறும். என் வகுப்பில் அன்று எழுந்து நின்ற மாணவன் கேட்டதே சரியான கேள்வி. அவனை உட்காரச் சொன்னதே தவறு. நீங்கள் எழுந்து கேளுங்கள். விடை தெரியாத ஆசிரியரும் உங்களோடு தேடட்டும்.