மாணவர் ஆய்வுத் திட்டம்: வகுத்தலும் மதிப்பிடுதலும்



ஆய்வு என்றால் பல்கலைக்கழகத்தார் செய்வது என்றே நம்மில் பலரும் எண்ணியிருந்தோம். 1993இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு அவ்வெண்ணத்தை மாற்றிற்று. 10 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் தம் ஊர்ச் சிக்கலொன்றைத் தாமே ஆராயலாம் என்ற வழியை அது திறந்தது. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் அதனை நம் மாநிலப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்தது. அவ்வழியில் நம் பள்ளிப் பிள்ளைகள் எழுதிய திட்டமொன்றைப் பற்றியே இங்குப் பேச விழைகிறோம்.

விடியுமுன் போடியில் ஜீப்புகள் வந்து நிற்பதும், நம் தாய்மார்கள் தூக்குவாளியுடன் ஏறிப் போடிமெட்டு வளைவுகளைக் கடந்து பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்குச் செல்வதும், பொழுது சாய்ந்து திரும்புவதும் இவ்வவைக்குப் புதியனவல்ல. பிள்ளைகள் கொணர்ந்த தலைப்பு, ‘ஏலத்தோட்டத் தொழிலும் மாணவர் கல்வியும்’ என்பது. கடலைக் கமண்டலத்தில் அடைக்க முயல்வது போன்ற தலைப்பு! அதைவிடப் பெரிய குறையொன்றும் அவ்வரைவில் இருந்தது. ஒரு வீட்டையும் பார்க்குமுன்னரே, ‘தாயார் தோட்டம் செல்வதால் பிள்ளைகளின் கல்வி கெடுகிறது’ என்று முடிவுரை எழுதப்பட்டிருந்தது. அதை எழுதிக் கொடுத்தவர் வேறு யாருமல்லர், நாமே.

ஆகவே கேள்வியைச் சுருக்கினோம். தாயார் மலையேறும் வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கு வரும் நாட்கள், தாயார் ஊரிலேயே வேலை செய்யும் வீட்டுப் பிள்ளைகள் வரும் நாட்களைவிடக் குறைவா? இதற்கு விடை வருகைப் பதிவேட்டில் இருக்கிறது. பிள்ளைகளாலேயே எண்ணிப் பார்க்க இயலும். எண்ண முடியாததை ஆராய்வதாக எழுதும் திட்டம் நற்சிந்தனையாக இருக்கலாம், ஆய்வுத் திட்டமாகாது.

காய் பறிப்பு மும்முரமாக நடக்கும் அக்டோபர் மாதத்தையும், பறிப்பு ஓய்ந்த மார்ச் மாதத்தையும் ஒப்பிட்டால் போதும் என்று நாம் கருதினோம். குழுவிலிருந்த மாணவி ஒருத்தி மறுத்தாள். மார்ச் தேர்வு மாதம். எல்லாப் பிள்ளைகளும் வருவார்கள். மேலும், பறிப்பு இல்லாத நாட்களில் தன் தாயார் களையெடுக்கச் செல்கிறார் என்றாள். பட்டம் பெற்ற நமக்குத் தோன்றாதது அவளுக்குத் தோன்றிற்று. ஒரே மாதத்தில் இருவகை வீடுகளையும் ஒப்பிடுவது என்று திட்டம் மாறியது.

மதிப்பீட்டுக்கு வருவோம். மதிப்பிட்டவர் ஒருவர், ‘இதில் கருவி எங்கே, சோதனை எங்கே?’ என்று கேட்டுக் குறைந்த மதிப்பெண் இட்டார். வருகைப் பதிவேடும் ஒரு கருவியே என்பதை அவர் ஏற்கவில்லை. அது நமக்கு வருத்தமே. மற்றொருவர் கேட்டது வேறு: ‘வீட்டில் பாட்டி இருந்தால் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிடுவாரே, அதை எப்படிப் பிரித்தறிவீர்கள்?’ இதுவே மதிப்பீடு. பட்டியலில் உடனே ஒரு பத்தி கூடிற்று.

திட்டம் திரும்பி வந்ததும் பிள்ளைகள் முகம் வாடினர். அண்ணல் அம்பேத்கர் இலண்டனில் அளித்த ரூபாய் பற்றிய ஆய்வேட்டையும் தேர்வாளர்கள் திருத்தக் கோரித் திருப்பினர். அவர் திருத்தி அளித்து 1923இல் பட்டம் பெற்றார். இதைச் சொன்ன பிறகே அவர்கள் மீண்டும் பேனாவை எடுத்தனர்.

கூலி எவ்வளவு என்ற கேள்வியும் முதல் வரைவில் இருந்தது. அதைக் கேட்பது தவறன்று. ஆனால் இன்னார் வீட்டில் இன்ன கூலி என்று எழுதிய தாள் ஜீப்புக்கு ஆள் சேர்ப்பவர் கையில் கிடைத்தால், மறுநாள் அந்தத் தாய்க்கு இடமில்லாமற் போகலாம். பிள்ளையின் மதிப்பெண்ணுக்காகத் தாயின் வேலையைப் பணயம் வைக்க நமக்கு உரிமையில்லை. எனவே பெயர்கள் நீக்கப்பட்டு எண்கள் இடப்பட்டன. விருப்பமில்லாத வீட்டைக் கேட்பதில்லை என்றும் எழுதப்பட்டது. மதிப்பிடுவோர் முதலில் இவ்விடத்தையே பார்க்க வேண்டும் என்பது நம் கருத்து. படிவங்களில் இதற்கு மதிப்பெண் இருப்பதை நாம் அதிகம் கண்டதில்லை.

அனுப்புமுன் திட்டத்தைத் தெருவில் படித்துக் காட்டச் சொன்னோம். மாலையில் ஜீப்பிலிருந்து இறங்கிய தாயார் ஒருவர் நின்று கேட்டார். ‘ஜீப் புறப்படும் நேரம் காலை 6 மணி’ என்ற வரி வந்தபோது இடைமறித்து, “ஆறு மணிக்கு நாங்க மெட்டு ஏறியிருப்போம்ல” என்றார். நேரத்தை அடித்துத் திருத்தினர். அம்மாணவி சற்று யோசித்து, ‘காலையில் பிள்ளையை எழுப்புபவர் யார்?’ என்று பட்டியலில் இன்னொரு பத்தியும் வரைந்தாள்.