பழைய விமானமும் தோள் பட்டையும்

ஆகாய விமானம் என்றவுடன் நூற்றுக்கணக்கானவர்களை ஏற்றிச் செல்லும் பெரிய விமானமே நம் மனக்கண்முன் தோன்றுகிறது. நான் இன்று பேசப் போவது அதைப் பற்றியன்று. இருவரோ நால்வரோ அமரக்கூடிய, ஒற்றை எஞ்சின் பூட்டிய சிறு விமானத்தைப் பற்றி. அமெரிக்க நாட்டில் இத்தகைய விமானங்களைப் பலர் சொந்தமாக வைத்துக்கொண்டு ஓட்டுகிறார்கள். நம்மவர் பழைய மோட்டார் காரைப் பழுதுபார்த்துப் பேணுவதுபோல, அவர்கள் ஐம்பது அறுபது ஆண்டு வயதுள்ள விமானங்களையும் பேணிப் பறக்க விடுகிறார்கள். 1930-களின் இறுதியில் வெளிவந்த பைப்பர் கப், 1956-இல் விற்பனைக்கு வந்த செஸ்னா 172 ஆகியவற்றை இன்றும் அங்கே காணலாம்.

அந்தக் காலத்து விமானங்கள் பலவற்றில் ஒரு குறை உண்டு. அமர்ந்தவரின் இடுப்பைச் சுற்றிக் கட்டப் பட்டை வைத்தார்கள்; தோளைப் பிடித்து நிறுத்தப் பட்டை வைக்கவில்லை. அந்தத் தோள் பட்டையைப் பழைய விமானத்தில் பின்னாளில் எவ்வாறு பொருத்துகிறார்கள், அது ஏன் இரண்டு திருகாணிகளை முடுக்கி முடித்துவிடும் வேலையன்று என்பதே என் பேச்சின் பொருள்.

ஓடும் பஸ்ஸில் நின்றுகொண்டு பயணம் செய்திருப்பீர்கள். டிரைவர் திடீரென்று பிரேக்கை மிதித்தால் பஸ் நிற்கிறது, நாம் நிற்பதில்லை. விமானத்தில் இடுப்புப் பட்டை மட்டும் கட்டியவருடைய இடுப்பு நின்றுவிடும்; இடுப்புக்கு மேலுள்ள உடல், பேனாக்கத்தி மடிவதுபோல முன்னே மடியும். தலை வளைந்து சென்று எதிரே உள்ள கருவிப் பலகையில் மோதும். பழைய விமானங்களின் கருவிப் பலகை உலோகத்தாலானது. குமிழ்களும் பிடிகளும் அதில் துருத்திக்கொண்டு நிற்கும். கால் ஒடியாமல், விலா எலும்பு நொறுங்காமல், தலையில் பட்ட அடி ஒன்றினாலேயே உயிர் போவதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

மோதலின் வேகத்தைச் சிறிது கணக்கிட்டுப் பார்ப்போம். மணிக்கு 60 மைல் என்பது வினாடிக்கு ஏறத்தாழ 27 மீட்டர். இந்த வேகத்தில் வரும் விமானம் 4 மீட்டர் தூரத்துக்குள் ஒரே சீராக நின்றுவிடுமானால், உள்ளே இருப்பவர் மீது புவியீர்ப்பைப்போல் ஒன்பது மடங்கு விசை செயற்படுகிறது. ஒரே மீட்டருக்குள் நின்றால் அது முப்பத்தேழு மடங்காகும். வேகம் பாதியானால் அதே விசையில் நிற்பதற்கு நான்கில் ஒரு பங்கு தூரமே போதும். பள்ளியில் கற்ற சூத்திரத்தை வைத்து நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம். முன்னோக்கிய மோதலில் ஆசனமும் பட்டையும் தாங்கவேண்டிய அளவாக அந்நாட்டின் பழைய விதிகள் வைத்திருந்ததும் இந்த ஒன்பது மடங்கையே. 77 கிலோ எடையுள்ள ஒருவர் அப்போது தம் பட்டைகளை 700 கிலோ எடையளவுக்கு இழுப்பார்.

மனித உடல் இதைத் தாங்குமா என்று கேட்பீர்கள். தாங்கும், ஒன்பது மடங்கையென்ன, அதற்கு மேலும் தாங்கும். 1954 டிசம்பர் 10-ஆம் நாள், நியூ மெக்சிக்கோவில் உள்ள ஹாலோமன் விமானத் தளத்தில், ஜான் பால் ஸ்டாப் என்னும் இராணுவ மருத்துவர் ராக்கெட் பூட்டிய சறுக்குவண்டியில் தம்மைப் பட்டைகளால் இறுகப் பிணித்துக்கொண்டு அமர்ந்தார். மணிக்கு 632 மைல் வேகம் சென்று, ஒன்றரை வினாடிக்கும் குறைவான நேரத்தில் நின்றார். 46 மடங்குக்கு மேற்பட்ட விசை அவர் உடலைத் தாக்கியது. கண்களில் இரத்தம் கட்டியது, ஆயினும் பிழைத்தார். உடலைச் சரியான இடங்களில் பிடித்து நிறுத்தினால் அது நாம் நினைப்பதைவிட உறுதியானது என்பதை அவர் தம் உடலைக்கொண்டே காட்டினார்.

அவருக்கும் முன்னே இவ்வழியில் சிந்தித்தவர் ஹியூ டி ஹேவன். 1917-இல் விமானப் பயிற்சியின்போது நடுவானில் இரு விமானங்கள் மோதிக்கொண்ட விபத்தில் உயிர் தப்பியவர் அவர். தம் வயிற்றில் ஏற்பட்ட காயங்களுக்குக் காரணம் பட்டையின் கொக்கி என்று உணர்ந்த அவர், விபத்து நேர்ந்தது ஏன் என்பதோடு காயம் நேர்ந்தது எதனால் என்றும் கேட்கத் தொடங்கினார். 1942-இல் கார்னெல் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் விபத்துக் காய ஆராய்ச்சியைத் தொடங்கினார். 1950-இல் பிரெட் வீக் என்னும் பொறியாளர் வயல்களுக்கு மருந்து தெளிக்கும் ஏஜி-1 விமானத்தை அமைத்தபோது, இத்தகைய சிந்தனைகளைக் கருத்திற்கொண்டு, மோதலிலும் விமானி பிழைக்கும்படி அமைத்தார். எனக்கு வியப்பளிப்பது இதுதான்: வயல்மேல் பறக்கும் கூலி விமானிக்குக் கிடைத்த காப்பு, மனைவி மக்களோடு பறக்கும் குடும்பத் தலைவருக்குக் கிடைக்க இன்னும் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

1978 ஜூலை 18-க்குப் பின் செய்யப்பட்ட சிறு விமானங்களின் முன் ஆசனங்களுக்கும், 1986 டிசம்பர் 12-க்குப் பின் செய்யப்பட்டவற்றின் எல்லா ஆசனங்களுக்கும் தோள் பட்டை வேண்டும் என அமெரிக்க விதி ஏற்பட்டது. அதற்கு முந்திய விமானங்களை விதி கட்டாயப்படுத்தவில்லை. 1985-இல் அந்நாட்டுத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கடுமையான சிறு விமான விபத்துகளை ஆராய்ந்தது. இறந்தவர்களில் நூற்றுக்கு 20 பேர் தோள் பட்டை இருந்திருந்தால் பிழைத்திருக்கலாம் என்றும், பலத்த காயமுற்றவர்களில் நூற்றுக்கு 88 பேருடைய காயம் வெகுவாகக் குறைந்திருக்கும் என்றும் அது கண்டது.

இனி, பொருத்தும் வேலைக்கு வருவோம். பட்டை எவ்வளவு உறுதியானதாயினும், அதன் மறு முனையைக் கட்டிய இடம் அதே உறுதியுடையதாக இருக்கவேண்டும். சற்றுமுன் சொன்ன 700 கிலோவில் தோள் பட்டையின் பங்கு அந்த ஓரிடத்தில் விழுகிறது. செஸ்னா போன்ற விமானத்தின் மேல் தகடு மெல்லிய அலுமினியம். அதில் துளையிட்டுத் திருகாணி முடுக்கினால், காகிதத்தில் குத்திய குண்டூசிபோல அது கிழித்துக்கொண்டு வந்துவிடும். ஆகவே உள்ளே உள்ள குறுக்குச் சட்டத்தைத் தேடி, வேண்டுமானால் தடித்த தகடு ஒன்றை ரிவெட் அடித்து வலுவூட்டி, இழுவை பல உறுப்புகளுக்குப் பரவும்படி செய்கிறார்கள். கப் விமானத்தின் கூடு எஃகுக் குழாய்களாலானது. குழாயில் துளையிட்டால் குழாய் பலவீனமாகும். குழாயின் நடுவே பிணைத்தால் அது வளையும். குழாய்கள் பல கூடும் சந்தியைச் சுற்றிப் பிணைப்பதே முறை.

தரைதானே உறுதியான இடம், ஆசனத்துக்குப் பின்னே தரையில் கட்டிவிட்டால் என்ன என்று சிலர் கேட்கலாம். அங்கே கட்டிய பட்டை தோளின் மேலாக ஏறிக் கீழே இறங்கும். மோதலில் அது இறுகும்போது தோளைக் கீழ்நோக்கி அழுத்தும்; தலையைக் காத்துக்கொள்ளப் போய் முதுகெலும்பை நொறுக்கிக்கொள்ள நேரும். தோளிலிருந்து பின்னே செல்லும் பட்டை கிடைமட்டமாகவோ, அதற்கு மேல் 30 பாகைக்குள்ளோ செல்லவேண்டும். கீழ்நோக்கி 5 பாகைக்கு மேல் சரியலாகாது. ஆசனத்தின் முதுகில் கட்டுவதும் தகாது. பழைய விமானங்களில் அந்த முதுகு முன்னே மடங்குவது. அத்தகைய இழுவைக்கென அமைக்கப்பட்டதன்று.

இடுப்புப் பட்டையையும் மறக்கலாகாது. அது தளர்ந்திருந்தால் தோள் பட்டை அதை மேலே இழுத்து வயிற்றின்மேல் கொண்டுவந்துவிடும். டி ஹேவன் பட்ட துன்பம் மீண்டும் நேரும். அது இடுப்பெலும்பின்மேல் தாழ்வாகவும் இறுக்கமாகவும் இருத்தல் வேண்டும். வெயிலில் வெளுத்து ஓரம் பிசிறிய பழைய பட்டையையும் அப்போதே மாற்றிவிடுவது நல்லது.

பல மாதிரிகளுக்கு ஏற்கனவே அங்கீகாரம் பெற்ற பொருத்துசாதனங்கள் விற்கின்றன. 2000-இல் விமானப் போக்குவரத்து நிருவாகம் வெளியிட்ட கொள்கையின்படி, கூட்டின் அமைப்பில் துளையிடாமலும் பற்றவைக்காமலும் செய்யும் பொருத்தலைச் சிறு மாற்றமாகக் கருத இடமுண்டு. தாள் வேலை குறைந்தால் பலர் முன்வருவர் என்னும் எண்ணம் நியாயமானதே. விமானம் விதவிதமாயிருக்க, எல்லாவற்றுக்கும் ஒரே கட்டளை இடாததையும் நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் செலவை எண்ணி முன் ஆசனங்களோடு நிறுத்திக்கொள்வோர் பின்னே அமர்வது யார் என்று திரும்பிப் பார்க்கவேண்டும்.

வேலை முடிந்தபின் ஒரு சோதனை உண்டு. விமானி ஆசனத்தில் அமர்ந்து, பட்டைகளை முற்றிலும் இறுக்கிக்கொண்டு, ஒவ்வொரு பிடியாகக் கையை நீட்டிப் பார்க்கிறார். செஸ்னாவில் பெட்ரோல் வால்வு தரையில், இரு ஆசனங்களுக்கும் நடுவே இருக்கிறது. நீளம் மாறாத தோள் பட்டையானால் குனிந்து அதைத் தொடுவது கடினம். பறக்கும்போது அதற்காகப் பட்டையைக் கழற்றிவிடுகிறவர் மீண்டும் மாட்டிக்கொள்வார் என்பது என்ன நிச்சயம்? மெல்ல இழுத்தால் நீண்டு, வெடுக்கென இழுத்தால் பூட்டிக்கொள்ளும் சுருள் பொறியைப் பலர் விரும்புவது இதனாலேயே. கை எல்லாவற்றையும் எட்டுகிறது என்று கண்டபின், கூடிய எடையைக் கணக்கில் சேர்த்து, செய்த வேலையை விமானத்தின் பதிவேட்டில் எழுதி, மெக்கானிக் கையொப்பமிடுகிறார்.