கருவியின் பிடிவாதம்

ஊர்விட்டு வந்து பெங்களூரிலும் புனேயிலும் மென்பொருள் எழுதி வாழும் தமிழர் நம்மிற் பலர். அங்கே பல மாநிலத்தார் ஒரே குழுவாய்க் கூடி நிரல் எழுதுகின்றனர். கற்ற இடம் வேறாதலால் கைப்பழக்கமும் வேறு. வரியின் தொடக்கத்தில் எவ்வளவு இடம் விடுவது, மேற்கோட்குறி ஒற்றையா இரட்டையா என்னும் சிறு செய்திகளே அங்குப் பெரும் வாதமாய் வளர்வதுண்டு. முடிவில் பெரும்பாலும் மூத்தவர் பழக்கமே நிலைக்கும்; புதிதாய் வந்தவர் பணிந்து போவார்.

இவ்வாதத்திற்கு இடமே வையாத கருவிகள் சில உள. 2009-ஆம் ஆண்டில் கூகுள் நிறுவனம் வெளியிட்ட 'கோ' என்னும் கணினி மொழிக்கு உரிய 'கோஃபம்ட்' அவற்றுள் ஒன்று. யார் எழுதிய நிரலாயினும் அதனை ஒரே வடிவில் அடுக்கித் தரும். நம் விருப்பம்போல் இடைவெளியை மாற்ற அதில் வழியில்லை. பைத்தான் மொழிக்கு 2018-இல் தோன்றிய 'பிளாக்' கருவியும் இத்தகையதே. வரிக்கு 88 எழுத்து என்பது அதன் இயல்பான அளவு. நாம் மாற்றத்தக்கவை மிகச் சிலவே.

இதனால் விளையும் நன்மை யாது? ஒருவர் எழுதியதை மற்றவர் சரிபார்க்கையில் இடைவெளியைப் பற்றிய பேச்சு ஒழிகிறது. கணக்குச் சரியா, பயனாளரின் இரகசியம் காக்கப்படுகிறதா என்பவற்றில் கருத்துச் செல்கிறது. நேற்றுச் சேர்ந்தவரின் நிரலும் பத்தாண்டு இருந்தவரின் நிரலும் ஒரே தோற்றமுடையன ஆதலின், எழுதியவர் யார் என்பதை விட்டு எழுதியது என்ன என்பதையே குழு எடைபோடுகிறது.

கருவி சொல்வதெல்லாம் அழகு என்று நாம் கூறவில்லை. கையால் நேர்த்தியாய் வரிசைப்படுத்திய எண் அட்டவணையை அது கலைத்துவிடலாம். பழைய நிரலில் திடீரெனப் புகுத்தினால், எவ்வரியை யார் எழுதினார் என்னும் வரலாறும் மறைந்துபோம். ஆகவே அம்மாற்றத்தைத் தனியாக, ஒரே முறையில் செய்தல் நலம். வரலாற்றைத் தேடுகையில் அத்தகைய மாற்றத்தை விலக்கிப் பார்க்கும் வசதி 'கிட்' மென்பொருளில் 2019 முதல் உண்டு.

விட்டுக்கொடுக்க வேண்டியது மிகச் சிறிதே. ஆனால், வேற்றூரில் புதிதாய் ஒரு குழுவிற் சேரும் நம் இளைஞருக்கு முதல் நாளிலேயே சமமான இடம் கிடைக்குமாயின், அவ்விலை பெரிதன்று.