ரெக்கார்டு நோட்டும் பிளேஸ்டேஷனும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



சென்ற முறை சந்தித்தபோது நம் சார், "வேலை நேரம் போக என்னப்பா செய்றே?" என்று கேட்டார். "பழைய வீடியோ கேம் பெட்டியை ஆராய்ச்சி பண்றேன் சார்" என்றேன். "இன்னுமா நீ திருந்தலே?" என்றார். அதற்கான பதிலை இன்று சொல்லிவிடுகிறேன்.

சோனி நிறுவனம் 1994 டிசம்பரில் ஜப்பானில் பிளேஸ்டேஷனை வெளியிட்டது. ஆன் செய்தவுடன் அதில் முதலில் ஓடுவது 512 கிலோபைட் அளவுள்ள 'பயாஸ்' என்ற ஃபர்ம்வேர். விளையாட்டுக்கு ஏதாவது காரியம் ஆக வேண்டுமென்றால், ஓர் எண்ணைக் குறிப்பிட்டு பயாஸைக் கூப்பிடும். 2006-இல் அந்தப் பெட்டியின் உற்பத்தி நின்றுவிட்டது. அந்த விளையாட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஓட்ட எமுலேட்டர்கள் இருக்கின்றன. ஆனால் பயாஸ் சோனியின் உடைமை. அதை நாம் ஊருக்கு விநியோகிக்க முடியாது. ஆகவே அதே வேலையைச் செய்யும் புதிய பயாஸை எழுதி, மூல நிரலோடு இலவசமாகத் தரும் ஓப்பன் சோர்ஸ் குழு ஒன்றில் சேர்ந்தேன்.

எனக்குக் கிடைத்தது மெமரி கார்டு பகுதி. கார்டின் கொள்ளளவு 128 கிலோபைட். அதிலுள்ள 16 பிளாக்குகளில் ஒன்று அட்டவணைக்கு. மீதி 15 விளையாட்டைச் சேமிக்க. அட்டவணையில் 128 பைட் கொண்ட ஒவ்வொரு துண்டிலும், முதல் 127 பைட்டுகளை எக்ஸ்-ஆர் செய்த விடை கடைசி பைட்டில் இருக்கும். முதல் துண்டில் 'எம்', 'சி' என்ற இரண்டே எழுத்துகள்; அதாவது 77, 67. எக்ஸ்-ஆர் செய்தால் 14. நம் டிஜிட்டல் லேபில் போட்ட அதே கணக்குதான்!

சோனியின் பயாஸைப் பிரித்துப் படித்தேன். பக்கத்திலேயே என் நிரலையும் எழுதி, இரண்டே நாளில் அனுப்பிவிட்டேன். குழுத் தலைவர் கேட்டது ஒரே கேள்வி: "மூலத்தைப் பார்த்துவிட்டா எழுதினீர்கள்?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம்; யாருக்கும் தெரியாது. ஆனால் பின்னால் ஒரு வழக்கு வந்தால், என் ஒரு பொய்யால் அத்தனை பேரின் உழைப்பும் வீணாகும். "ஆமாம்" என்றேன். நிரலை நிராகரித்துவிட்டார். "படித்தவர் விளக்கம் எழுதட்டும். மூலத்தைப் பார்க்காதவர் நிரல் எழுதட்டும்" என்றார்.

இது புது வழியல்ல. சேகாவின் ஜெனிசிஸ் பெட்டிக்கு விளையாட்டு தயாரிக்க அக்கோலேட் நிறுவனம் இப்படித்தான் முதலில் ஆராய்ந்து கையேடு எழுதியது. பிறகு அதை வைத்து நிரல் எழுதியது. 1992-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த ஆராய்ச்சியை நியாயமான பயன்பாடு என்றது. பிளேஸ்டேஷன் பயாஸை ஆராய்ந்து எமுலேட்டர் செய்த கனெக்டிக்ஸ் நிறுவனத்துக்கும் 2000-இல் அதே தீர்ப்பு. அவர்கள் விற்ற பொருளில் சோனியின் நிரல் இல்லை என்பது அங்கே முக்கியமான விஷயம்.

சரியென்று விளக்கம் எழுத உட்கார்ந்தேன். நான்கு பக்கத்துக்கு மூன்று வாரம் ஆயிற்று! வேறொரு நாட்டிலிருக்கும் நண்பர் அதைப் பார்த்து நிரல் எழுதினார். ஓட்டினோம், கார்டு கெட்டுப்போனது என்று செய்தி வந்தது. அவர் மேல் தவறில்லை. 127 என்று எழுத வேண்டிய இடத்தில் நான் 128 என்று எழுதியிருந்தேன். பார்த்து எழுதியபோது எண்ணும் தானாக வந்துவிட்டது. அந்தக் கடைசி பைட்டை ஏன் சேர்க்கக்கூடாது என்று நான் யோசிக்கவே இல்லை. விடையையே கணக்கில் சேர்த்தால் கணக்கு எப்படிச் சரியாக வரும்? திருத்தினேன். பழைய கார்டில் சேமித்திருந்த ஆட்டம் திறந்தது.

இங்கே உட்கார்ந்திருக்கும் என் தோழர்களுக்கு ஒன்று ஞாபகம் வரும். சீனியரின் ரெக்கார்டு நோட்டை அப்படியே பார்த்து எழுதி, வைவாவில் "இந்த ரீடிங் எப்படிப்பா வந்தது?" என்று கேட்டதும் முழித்தவன் நான். அந்தக் கேள்விக்கு இத்தனை வருஷம் கழித்து, ஒரு விளையாட்டுப் பெட்டியிடம் பதில் கற்றுக்கொண்டேன். அந்த பயாஸில் நான் எழுதிய நிரல் ஒரு வரி கூட இல்லை. விளக்கம் எழுதியவர்கள் பட்டியலில் பெயர் இருக்கிறது. அது போதும் சார்.