ஒப்புமையும் உறவும்



கவிஞனின் முதற்கருவி உவமை. ஒன்றைப் போல் மற்றொன்று இருக்கக் கண்டு மகிழ்வது கவியுள்ளம். குழந்தையுள்ளமும் அத்தகையதே. நீந்துவன எல்லாம் மீன். பறப்பன எல்லாம் பறவை. இதுவே குழந்தை செய்யும் முதற்பாகுபாடு. அறிவியலாரோ ஒப்புமையோடு அமைவதில்லை, உறவைத் தேடுகின்றனர். இவ்வேறுபாட்டைச் சிறுவர்க்கு உணர்த்தும் வழியே இவ்வுரையின் பொருள்.

உயிர்களைப் பகுத்துக் காணும் வேட்கை தமிழுக்குப் புதிதன்று. தொல்காப்பிய மரபியல் ஓரறிவுயிர் முதல் ஆறறிவுயிர் ஈறாக அடுக்கிக் காட்டுகிறது. புறத்தே வயிரமுடையதைப் புல் என்றும், அகத்தே வயிரமுடையதை மரம் என்றும் பிரிக்கிறது. வானளாவும் தெங்கையும் பனையையும் உரையாசிரியர்கள் புல்லினத்துக்கே எடுத்துக்காட்டாக்குவர். இன்றைய தாவரவியலும் பனை, தென்னை, மூங்கில், நெல் ஆகியவற்றை ஒருவித்திலைத் தாவரங்கள் என்னும் ஒரே பெரும்பிரிவில் வைக்கிறது. உயரத்தைக் கண்டு மயங்காமல் உள்ளமைப்பைக் கண்ட பார்வை அது.

ஸ்வீடன் நாட்டறிஞர் லின்னேயஸ் 1753இல் செடிகொடிகளுக்கும் 1758இல் விலங்குகளுக்கும் இருசொற் பெயரீட்டு முறையை நிலைநாட்டினார். புலி, பாந்தெரா டைகிரிஸ். சிங்கம், பாந்தெரா லியோ. முதற்சொல் பேரினம், அடுத்தது சிற்றினம். தந்தை பெயரை முன்னும் தன் பெயரைப் பின்னும் எழுதும் தமிழ்ச் சிறுவனுக்கு இதில் விளங்காதது ஒன்றுமில்லை. அஞ்சல் உறையில் நாடு, மாநிலம், மாவட்டம், ஊர், தெரு, வீடு என்று முகவரி குறுகிச் செல்வது போலவே உலகம், தொகுதி, வகுப்பு, வரிசை, குடும்பம், பேரினம், சிற்றினம் என்று பாகுபாடும் குறுகிச் செல்கிறது.

திமிங்கிலத்தை மீன்களிடமிருந்து பிரித்துப் பாலூட்டிகளோடு லின்னேயஸ் சேர்த்ததும் 1758ஆம் ஆண்டிலேயே. அச்சேர்க்கையின் காரணத்தை 1859இல் டார்வின் விளக்கினார். ஒரே மூதாதையிலிருந்து கிளைத்தவையே உறவின. மரபணுச் சான்றுகளின்படி, இன்று வாழும் விலங்குகளுள் திமிங்கிலத்துக்கு மிக நெருங்கிய உறவு நீர்யானை. உருவில் மீன், உறவில் நீர்யானை!

இஃது அறிவுக்கு விருந்து மட்டுமன்று; உயிர்காக்கும் செய்தியுமாகும். கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய மூன்றையும் பெயரால் ஓரினமாகவே எவரும் கருதுவர். ஆயின், கட்டுவிரியன் நல்லபாம்பின் குடும்பத்தைச் சேர்ந்தது. இவ்விரண்டின் நச்சுப்பற்களும் சிறியன, மடங்காதன. நஞ்சு பெரும்பாலும் நரம்பைத் தாக்கும். மற்ற இரு விரியன்களின் பற்களோ நீண்டு மடங்குவன. நஞ்சு பெரும்பாலும் குருதியைக் கெடுக்கும். பெயர் மறைத்த உறவைப் பல்லும் நஞ்சும் காட்டிவிடுகின்றன.

ஒப்புமை வேறொரு வகையிலும் ஏமாற்றும். கட்டுவிரியனைப் போலவே வெண்பட்டைகள் கொண்ட, மனிதர்க்குத் தீங்கு செய்யாத பாம்பும் உண்டு. கட்டுவிரியனின் கடியோ வலியின்றியே நிகழக்கூடும். எனவே தோற்றத்தை நம்பி 'இது நஞ்சற்றது' என்று சிறுவர் முடிவு செய்தல் ஆகாது. எப்பாம்பு கடிப்பினும் மருத்துவமனையே புகலிடம். 1978இல் உருவான இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தினர் இந்நால்வகைப் பாம்புகளின் நஞ்சை எடுத்து, மாற்றுமருந்து ஆக்கத்துக்கு வழங்கிவந்துள்ளனர். பள்ளி ஏறாத இருளர் முதியவரும் தோற்ற மயக்கத்தைக் கடந்து பாம்பினங்களைப் பிரித்தறிவர். பாகுபாடு நூலோர்க்கு மட்டும் உரியதன்று என்பதற்கு அவர்களே சான்று.

அவ்வாறாயின் உவமை பொய்யோ? அன்று. ஒப்புமை கண்ணைத் திறக்கிறது. உறவு அறிவைத் திறக்கிறது. 'இது எதைப் போன்றது?' என்று கேட்கும் குழந்தையை, 'இது எதற்கு உறவு?' என்றும் கேட்கப் பழக்குதல் வேண்டும். முதல் வினாவுக்குத் தமிழில் பாடல்கள் பல உள. இரண்டாம் வினாவுக்குரிய பாடல்கள் மிகச் சிலவே. திமிங்கிலமும் நீர்யானையும், பனையும் நெல்லும் உறவு கொண்டாடும் குழந்தைப் பாடல்கள் பத்தாண்டு கண்ட இவ்வட்டத்துக் கவிஞர்களிடமிருந்து பிறக்கட்டும்!