பெறுபேறு குறைந்த பிள்ளைக்கு எந்த வழி?

(கனடாக் கிளையின் நூற்றாண்டு ஒன்றுகூடலில், கிளையின் வழிகாட்டற் குழு சார்பில் ஆற்றப்பட்ட உரை)



நூற்றாண்டு விழா என்றால் பெருமைகளைச் சொல்லும் வேளை. எமது கல்லூரியிலிருந்து வைத்தியர்களாகப் போனவர்களைப் பற்றி இன்று காலையிலிருந்து பலரும் பேசினார்கள். கேட்க எமக்கும் மனம் நிறைந்தது. ஆனால் வழிகாட்டற் குழுவாகிய எமக்கு வரும் தொலைபேசி அழைப்புகள் வேறு விதமானவை. அவை பெரும்பாலும் இரவு பத்து மணிக்குப் பிறகுதான் வரும். ஒரு தாய் குரலைத் தாழ்த்திக் கேட்பார்: "அக்கா, பிள்ளையின்ர ஜி.பி.ஏ. ரெண்டு தசம் எட்டுத்தானாம். அவளுக்கு டொக்டராக வேணும். இனி என்ன செய்யிறது?"

அந்தக் கேள்விக்கு இன்று மேடையில் வைத்தே பதில் சொல்ல விரும்புகிறோம். பல வீடுகளில் ஒளித்துப் பேசும் விடயத்தை ஒருமுறையாவது வெளிச்சத்தில் பேசினால் நல்லது.

முதலில், தாய்மாராகிய எமக்கு ஏன் இது விளங்குவதில்லை என்று பார்ப்போம். ஊரில் எமக்குத் தெரிந்தது ஒரே வாசல். உயர்தரப் பரீட்சை. மொத்தப் புள்ளியோ, பிற்காலத்து இசட் புள்ளியோ, மாவட்ட ஒதுக்கீட்டோடு சேர்த்துப் பார்த்தால் மருத்துவபீடம் கிடைக்கும் அல்லது கிடைக்காது. கிடைக்காவிட்டால் இரண்டாம் முறை, மூன்றாம் முறை எழுதலாம். முந்திய முறை எடுத்த புள்ளி குறைவென்று யாரும் அதைத் தூக்கிப் பிடிப்பதில்லை. கனடாவில் கியூபெக் மாகாணத்துப் பிள்ளைகளுக்கு இருக்கும் வழியை விட்டால், பொதுவாகப் பல்கலைக்கழகத்தில் சில வருடங்கள் படித்த பிறகே மருத்துவபீடத்துக்கு விண்ணப்பிக்கலாம். அந்த வருடங்களின் புள்ளிகள் எல்லாம் பதிவில் நிற்கும். பதினெட்டு வயதில், முதல் வருடத்தில், தடுமாறி எடுத்த 'சி'யும் நிற்கும். இது எமக்குத் தெரிய வருவதற்குள் பிள்ளை மூன்றாம் வருடத்துக்கு வந்துவிடும்.

எம்மில் ஒருவருடைய வீட்டில் நடந்ததை அவருடைய சம்மதத்தோடும் மகளுடைய சம்மதத்தோடும் சொல்கிறோம். அந்தப் பிள்ளை உயிரியல் விஞ்ஞானம் படித்தது. தகப்பனுக்குச் சிறுநீரகம் பழுதாகி, கிழமைக்கு மூன்று நாள் இரத்தச் சுத்திகரிப்பு. பிள்ளை இரவில் ஒரு கோப்பிக் கடையில் வேலை செய்து, காலையில் ஒன்றரை மணித்தியாலம் பஸ்ஸில் போய்ப் படித்தது. முதல் இரண்டு வருடமும் சராசரி 4.0க்கு 2.7. "படிப்பு எப்பிடிப் போகுது?" என்று தாய் கேட்பார். "ஓம் அம்மா, பரவாயில்லை" என்று மகள் சொல்லும். அதற்கு மேல் ஒருவரும் கேட்கவில்லை. உண்மை தெரிந்த அன்று தாய், "இவ்வளவு நாளும் எங்களை ஏமாத்தினாய்" என்று சொல்லிவிட்டார். அந்த வார்த்தையை இன்னும் திரும்ப எடுக்க முடியவில்லை என்று எம்மிடம் சொன்னார்.

அடுத்த கிழமை ஒரு விருந்து மண்டபத்தில் முகவர் ஒருவர் கூட்டம் வைத்தார். கரிபியன் தீவொன்றில் கல்லூரி. நுழைவுத் தேர்வு வேண்டாம், மூன்று கிழமையில் இடம். வீட்டை மறு அடமானம் வைப்பதற்கு வங்கியில் நேரமும் குறித்தாயிற்று. அன்று அவர்களைத் தடுத்தது எமது கல்லூரியின் மூத்த அக்கா ஒருவர் கேட்ட ஒரே கேள்விதான்: "படிச்சு முடிச்சாப் பிறகு பயிற்சி எங்கை?"

இன்று நாம் சொல்ல வந்ததும் அதுதான். புள்ளி குறைந்த பிள்ளைக்கு எங்கே இடம் கிடைக்கும் என்று முதலில் தேடாதீர்கள். படித்து முடித்த பிறகு வைத்தியராக வேலை செய்ய எந்த வழி விடும் என்று முடிவிலிருந்து பின்னோக்கிப் பாருங்கள். அதற்கும் முன்னர், புள்ளி ஏன் குறைந்தது என்று பாருங்கள்.

காரணத்தை அறியாமல் வழி தெரிவு செய்வது நோயை அறியாமல் மருந்து கொடுப்பது போன்றது. வேலைச்சுமையா, வீட்டில் நோயா, மனச்சோர்வா, படிக்கும் முறை பிழையா, அல்லது பிள்ளைக்கு உண்மையில் இந்தப் பாடத்தில் விருப்பமில்லையா? அந்தக் காரணம் இன்னும் இருக்கும்போது பிள்ளையை எந்த நாட்டுக்கு அனுப்பினாலும் அதுவும் கூடவே போகும்.

அடுத்தது கணக்கு. மூன்று வருடம் 2.8 எடுத்த பிள்ளை நாலாம் வருடம் முழுவதும் 4.0 எடுத்தாலும் மொத்தச் சராசரி 3.1தான். ஐந்தாம் வருடமும் 4.0 எடுத்தால் ஏறக்குறைய 3.3. இதைக் கேட்டுப் பலர் மனம் உடைந்து போவார்கள். ஆனால் எல்லா மருத்துவபீடங்களும் ஒரே மாதிரிக் கணக்குப் பார்ப்பதில்லை. ஒன்ராறியோவில் வெஸ்டேர்ண் பல்கலைக்கழகம் மிகச் சிறந்த இரண்டு வருடங்களைப் பார்த்து வந்திருக்கிறது. ஒட்டாவா பல்கலைக்கழகம் அண்மைய மூன்று வருடங்களைப் பார்த்து, பிந்திய வருடத்துக்குக் கூடிய பெறுமதி கொடுத்து வந்திருக்கிறது. 'எம்கற்' என்ற நுழைவுத் தேர்வையும் கேட்பதில்லை. மக்மாஸ்டர் அந்தத் தேர்வின் நான்கு பகுதிகளில் வாசித்து விளங்கும் பகுதியை மட்டும் எடுக்கிறது. குயின்ஸ் பல்கலைக்கழகம் 2024இல், குறைந்தபட்சத் தகுதி உள்ளவர்களிடையே குலுக்கல் முறையில் தெரிந்து அடுத்த கட்டத்துக்கு அழைப்பதாக அறிவித்தது. வட ஒன்ராறியோ மருத்துவபீடம் வடபகுதி, கிராமப்புறப் பின்னணி உள்ளவர்களுக்கு முன்னுரிமை கொடுக்கிறது. ஆகவே முழுநேரப் பாடச்சுமையோடு எடுத்த இரண்டு நல்ல வருடங்கள் ஒரு பீடத்தில் பயனில்லாமல் போனாலும் இன்னொன்றில் கதவைத் திறக்கும். இந்த விதிகள் வருடாவருடம் மாறும். விண்ணப்பிக்கும் வருடத்தில் அந்தந்தப் பீடத்தின் சொந்த அறிவித்தலைப் பார்க்க வேண்டும். எமது சொல்லையோ பக்கத்து வீட்டாரின் சொல்லையோ நம்பிப் போகக் கூடாது.

எம்கற் தேர்வைப் பற்றியும் ஒரு சொல். அதன் மொத்தப் புள்ளி 472 முதல் 528 வரை. வாழ்நாளில் ஏழு தடவைக்கு மேல் எழுத முடியாது. "சும்மா ஒருக்கா எழுதிப் பாக்கட்டும்" என்று பிள்ளையைத் தள்ள வேண்டாம். சும்மா எழுதிய புள்ளியும் பதிவில் நிற்கும்.

அமெரிக்காவிலுள்ள சகோதரிகளுக்கு: அங்கே எம்.டி. கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பத்தில், ஒரு பாடத்தைத் திரும்ப எடுத்தால் பழைய புள்ளியும் புதிய புள்ளியும் இரண்டும் சேர்த்தே கணக்கிடப்படும். டி.ஓ. எனப்படும் ஒஸ்டியோபதிக் கல்லூரிகளில் முன்பு புதிய புள்ளியை மட்டும் எடுத்தார்கள். 2017இல் அதை நிறுத்திவிட்டார்கள். இன்னும் பழைய ஆலோசனையைக் கேட்டுப் பாடங்களைத் திரும்ப எடுக்கும் பிள்ளைகளைக் கண்டிருக்கிறோம். டி.ஓ. பட்டம் குறைந்த பட்டம் அல்ல. 1892இல் மிசூரி மாநிலத்தில் தொடங்கிய மரபு அது. 2020 முதல் எம்.டி., டி.ஓ. இரு பகுதியினருக்கும் பயிற்சி இடங்கள் ஒரே அங்கீகார முறையின் கீழ் வந்துவிட்டன. நம்மவர்கள் சிலர் கலியாணப் பேச்சில் அதை இளக்காரமாகப் பேசுவதைக் கேட்டிருக்கிறோம். தயவுசெய்து அதை நிறுத்துங்கள்.

மருத்துவபீடப் பாடங்களை ஒரு வருடம் படிக்கும் சிறப்பு முதுமாணிக் கற்கைநெறிகளும் அமெரிக்காவில் உண்டு. ஆனால் அந்தப் புள்ளிகள் பட்டதாரிப் பகுதியில் தனியாகவே காட்டப்படும். இளமாணிச் சராசரியை உயர்த்தா. அங்கே நன்றாகச் செய்தால் "இப்போது இவரால் முடியும்" என்பதற்கு அது சான்று. அங்கேயும் சறுக்கினால் கிட்டத்தட்டக் கதவு மூடியது போல்தான். ஆகவே காரணம் தீர்ந்த பிறகே அதில் இறங்க வேண்டும்.

இனித் தீவுகளும் தூர தேசங்களும். கரிபியன் கல்லூரிகளில் படித்து அமெரிக்க மருத்துவமனைகளில் நல்ல வைத்தியர்களாக இருப்பவர்கள் பலர். அதை மறுக்கவில்லை. ஆனால் கையொப்பம் வைக்க முன்னர் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். முதல் வருடம் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் உரிய காலத்தில் முடித்தார்கள்? சேர்ந்தவர்களில் எத்தனை பேருக்குப் பயிற்சி இடம் கிடைத்தது? விளம்பரத்தில் கடைசிவரை தாக்குப்பிடித்தவர்களை மட்டும் வைத்துக் கணக்குக் காட்டினால், இடையில் நின்றவர்களின் கடன் அதில் தெரியாது.

கனடாவுக்குத் திரும்புவதென்றால் இன்னொன்றையும் யோசியுங்கள். கனடாவில் பிறந்து தீவிலோ அயர்லாந்திலோ போலந்திலோ படித்த பிள்ளையும் இங்கே வெளிநாட்டு மருத்துவப் பட்டதாரிதான். அவர்களுக்கென்று ஒதுக்கிய, எண்ணிக்கை குறைந்த பயிற்சி இடங்களுக்கே பெரும்பாலும் போட்டியிட வேண்டும். தனிப் பரீட்சைகள் எழுத வேண்டும். ஒன்ராறியோவில் இடம் கிடைத்தால் பயிற்சிக்குப் பின் குறிப்பிட்ட காலம் சேவை செய்ய ஒப்பந்தமும் எழுத வேண்டிவரும். யாழ்ப்பாணத்திலும் பேராதனையிலும் படித்து, ஊரில் வார்டு பார்த்துவிட்டு, இங்கே வந்து பரீட்சை எழுதி வருடக்கணக்காகக் காத்திருந்த அக்காமார் இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள். நாம் பணம் கட்டிப் பிள்ளையை அனுப்புவது அவர்கள் நின்ற அதே வரிசைக்கு. முகவரைக் கேட்க முன்னர் அந்த அக்காமாரிடம் கேளுங்கள். மூத்த அக்கா அன்று அந்தக் கேள்வியைக் கேட்டதும் தாமே அந்த வரிசையில் நின்றவர் என்பதால்தான்.

அந்தப் பிள்ளைக்கு என்ன நடந்தது என்று கேட்பீர்கள். வங்கிக்குப் போகவில்லை. தகப்பனை இரத்தச் சுத்திகரிப்புக்குக் கூட்டிப் போவதைச் சங்கத்தில் நாலு பேர் முறைவைத்துப் பொறுப்பெடுத்தோம். பிள்ளை இரவு வேலையை விட்டது. நாலாம் வருடமும், கூடுதலாக எடுத்த ஐந்தாம் வருடமும் முழுச் சுமையோடு படித்து, இரண்டிலும் 3.9 எடுத்தது. முதல் விண்ணப்பத்துக்கு எங்கேயும் அழைப்பு வரவில்லை. அடுத்த வருடம் ஒரு நேர்முகம், காத்திருப்புப் பட்டியல், பிறகு இல்லை என்ற கடிதம். மூன்றாம் வருடம் இடம் கிடைத்தது. இப்போது வார்டில் நிற்கிறது.

இன்னொரு பிள்ளையையும் சொல்லாமல் விட்டால் அது நேர்மையல்ல. இவளைப் போலவே உழைத்தாள். மூன்று முறையும் கிடைக்கவில்லை. பிறகு வைத்தியரோடு சேர்ந்து நோயாளரைப் பார்க்கும் 'பிசிசியன் அசிஸ்ரன்ற்' படிப்புக்குப் போனாள். மக்மாஸ்டரில் அந்தக் கற்கைநெறி 2008 முதல் இருக்கிறது. இன்று ஒரு அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்கிறாள். "எனக்கு வேணுமெண்டு நினைச்சது நோயாளிக்குப் பக்கத்தில நிக்கிறதைத்தான். அது கிடைச்சிட்டுது" என்று எம்மிடம் சொன்னாள். ஆனால் அவள் இந்த ஒன்றுகூடல்களுக்கு வருவதில்லை. "டொக்டருக்குக் கிடைக்கேல்லையோ?" என்று முன்பொருமுறை ஒருவர் கேட்டுவிட்டாராம். அப்படிக் கேட்டது நாமாகவும் இருக்கலாம்.

ஆகவே சகோதரிகளே, மூன்று வேண்டுகோள்கள். முதல் வருடத்திலேயே பிள்ளையிடம் உண்மையான புள்ளியைக் கேளுங்கள். கேட்ட பிறகு கோபிக்காதீர்கள். பணம் கட்ட முன்னர் எமது குழுவில் ஒருவரோடு பேசுங்கள். ஒருவருடைய பெயரும் வெளியே போகாது. விழாக்களில் பிள்ளைகளைக் கண்டால் பெறுபேற்றைக் கேட்பதை விட்டு, "சாப்பிட்டியா பிள்ளை?" என்று கேளுங்கள்.

எமது கல்லூரி நூறு வருடத்தில் எத்தனை வைத்தியர்களைத் தந்தது என்று மலரில் எழுதியிருக்கிறது. புள்ளி குறைந்த நாளிலும் வீட்டில் உண்மையைச் சொல்லத் துணிந்த பிள்ளைகளின் கணக்கை எந்த மலரிலும் எழுத முடியாது. அந்தத் துணிவைக் கொடுப்பது எமது பொறுப்பு.