பள்ளிக்கூடத்தை விட்டு விலகும் பிள்ளை யாருடைய பிள்ளை?

(வலிகாமத்தில் கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடிய பொதுக்கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



கல்வியே தமிழரின் மூலதனம் என்று மேடைதோறும் பேசி வருகிறோம். செம்மண்ணும் கிணற்று நீரும் தவிர வேறு பெருஞ் செல்வம் வாய்க்காத இந்தக் குடாநாடு பள்ளிக்கூடத்தைக் கொண்டே தலைநிமிர்ந்தது. அதனாலேதான் 1970களில் பல்கலைக்கழக வாசலிலே தரப்படுத்தல் என்னுந் தராசு வைக்கப்பட்டபோது தமிழினம் ஒருமுகமாக எதிர்த்து நின்றது. தமிழ்மொழி மூலம் பரீட்சை எழுதிய மாணவன், சிங்களமொழி மூலம் எழுதிய மாணவனைவிடக் கூடிய புள்ளி பெற்றால்தான் மருத்துவ, பொறியியற் பீடங்களுக்குள் நுழையலாம் என்ற நிலை அன்று உண்டாயிற்று. பிறப்பைப் பார்த்துக் கல்வியை அளப்பது அநீதி என்று முழங்கினோம். அந்த முழக்கம் நியாயமானது, இன்றும் நியாயமானதே.

ஆனால், இன்று நாம் கேட்க வந்திருக்கும் கேள்வி வேறு. பல்கலைக்கழக வாசலை எட்டுவதற்கு வெகு காலம் முன்னரே, எட்டாம் ஒன்பதாம் வகுப்பிலே புத்தகத்தை மூடி வைத்துவிட்டுப் போகும் பிள்ளைகள் யார்? அவர்களை நிறுத்து வெளியே அனுப்பிய தராசு எது? அந்தத் தராசைப் பிடித்த கை யாருடைய கை?

“அந்தப் பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறாது, தாய் தகப்பனுக்கும் அக்கறையில்லை” என்று சிலர் எளிதாக விடை சொல்லிவிடுகிறார்கள். எதிர்வாதியை விசாரியாமல் எழுதப்படும் தீர்ப்பு தீர்ப்பாகாது என்பது சட்டம் பயின்றோருக்கு அரிச்சுவடி. ஆகவே, வழக்கை முதலிலிருந்தே விசாரிப்போம்.

ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன் இந்தக் குடாநாட்டிலே ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைக்குப் பல பள்ளிக்கூடங்களில் இடமே இல்லை. இடம் கிடைத்த இடத்திலும் வாங்கில் இல்லை, வெறுந்தரைதான். 1920களின் இறுதியில், உதவிநன்கொடை பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் வழங்க வேண்டுமென்று கல்விப் பகுதி பணித்தது. யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் போன்ற முற்போக்குச் சக்திகள் அதை வரவேற்றன. ஆனால், பிள்ளையைப் பக்கத்தில் இருத்துவதைவிடப் பள்ளிக்கூடத்தை எரிப்பது மேல் என்று எண்ணியவர்களும் இருந்தார்கள். சில பள்ளிக்கூடங்கள் தீக்கிரையாயின. கல்வியைத் தெய்வமாகக் கொண்டாடும் ஊரிலே கல்விக்கூடத்துக்குத் தீ வைத்த கை அந்நியன் கையன்று.

அந்த மக்கள் சோர்ந்துவிடவில்லை. கரவெட்டிப் பகுதியிலே சூரன் என்னும் பெருமகன் முன்னின்று வளர்த்த பள்ளிக்கூடம் தேவரையாளி இந்துக் கல்லூரியாக மலர்ந்தது; பிற இடங்களில் மறுக்கப்பட்ட பிள்ளைகள் அங்கே படித்து ஆசிரியர்களானார்கள். 1940களில் எழுந்த சிறுபான்மைத் தமிழர் மகாசபை, கல்வி உரிமையைத் தன் முதற் கோரிக்கைகளுள் ஒன்றாக வைத்துப் போராடி, அரசாங்கப் பாடசாலைகளைப் பெற்றுக்கொடுத்தது. படிப்பு ஏறாத சாதி என்று ஒரு சாதி இருந்திருந்தால் இவை நடந்திருக்குமா?

‘மல்லிகை’ ஆசிரியர் டொமினிக் ஜீவாவை எடுத்துக்கொள்ளுங்கள். சிறுவயதிலே ஆசிரியரொருவரின் சாதிச் சொல்லால் மனம் புண்பட்டுப் பள்ளிக்கூடத்தை விட்டவர் அவர். சிகையலங்கார நிலையத்திலே தொழில் செய்துகொண்டே எழுதினார். ‘தண்ணீரும் கண்ணீரும்’ என்ற சிறுகதைத் தொகுதிக்குச் சாகித்திய மண்டலப் பரிசு பெற்றார். 1966இல் ‘மல்லிகை’யைத் தொடங்கி நெடுங்காலம் நடத்தினார். இவரையா படிப்பு ஏறாதவர் என்பது? எழுந்து நின்ற ஒருவரின் பெயரை நாடறியும். அதே சொல் பட்டு எழாமலே போன பிள்ளைகளின் பெயர்களை யார் அறிவார்?

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். 1945இல் கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தது. 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம், சாதி காரணமாக ஒருவரைக் கல்விக்கூடத்தில் சேரவிடாமல் தடுப்பதைக் குற்றமாக்கிற்று. 1960, 1961ஆம் ஆண்டுகளில் உதவிநன்கொடைப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது. 5 வயது முதல் 14 வயதுவரை கட்டாயக் கல்வி என்ற 1997ஆம் ஆண்டு ஒழுங்குவிதி, 2016இல் 16 வயதுவரை நீட்டப்பட்டது. அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை சாதியின் பேரால் பாரபட்சம் காட்டலாகாது என்கிறது.

இவ்வளவும் இருந்தும் பிள்ளை ஏன் விலகுகிறது? சட்டம் படலையைத் திறந்தது. படலைக்கு உள்ளே நடப்பதையும், படலைவரை வரும் வழியையும் அது முழுவதும் காணவில்லை. எல்லோருக்கும் சமமான கல்வி வாய்ப்பு என்பது அரசியலமைப்பின் 27ஆம் உறுப்புரையிலே வழிகாட்டும் கோட்பாடாக எழுதப்பட்டிருக்கிறது. அதை வைத்து வழக்காட முடியாது என்று 29ஆம் உறுப்புரை சொல்லிவிடுகிறது. பாரபட்சத்துக்கு எதிராக உயர் நீதிமன்றம் போகலாம். ஆனால் ஒரு மாதத்துக்குள் கொழும்புக்குப் போக வேண்டும். நாட்கூலிக்குப் போகும் தாய் எந்த மாதத்திலே போவாள்?

பிள்ளை ஒரே நாளில் விலகுவதில்லை, படிப்படியாக விலக்கப்படுகிறது. முதற்படி ஐந்தாம் வகுப்பு. குறிச்சிகளிலுள்ள சிறு பள்ளிக்கூடங்கள் பல ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடுகின்றன. ஆறாம் வகுப்புக்கு வேறிடம் போக வேண்டும். புலமைப்பரிசிற் பரீட்சையில் எடுபட்ட பிள்ளை பெரிய கல்லூரிக்குப் போகும். எடுபடாத பிள்ளைக்கும் அங்கே இடம் உண்டு. ஆனால் அது தெரிந்தவர் உள்ளவர்க்கும் நன்கொடை கொடுக்கக்கூடியவர்க்குமே எளிதாகிறது. இரண்டாம்படி செலவு. படிப்பு இலவசம், பாடநூலும் சீருடையும் கிடைக்கின்றன. ஆனால் மாலை ரியூசன் இலவசமன்று. வகுப்பறையிலே பாதியும் ரியூசனிலே மீதியும் படிப்பிக்கப்படும் இடத்தில், ரியூசனுக்குப் போகாத பிள்ளை பாதிப் பிள்ளையாகிறது. 2020, 2021ஆம் ஆண்டுகளில் நோய்த்தொற்றால் பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்தபோதும், 2022இன் பொருளாதார நெருக்கடியிலும், முதலில் அறுந்தது இந்த நூலே.

மூன்றாம்படி சொல். இன்று எவரும் பிள்ளையைத் தரையில் இருத்துவதில்லை. பெயரைக் கேட்டபின் ஊரையும், ஊரைக் கேட்டபின் குறிச்சியையும் கேட்கிறார்கள். குறிச்சி தெரிந்தபின் முகம் மாறுகிறது. “நீ படித்து என்ன செய்யப் போகிறாய்?” என்ற ஒரு கேள்வி போதும், பதினான்கு வயதுப் பிள்ளை அதை ஆயுளுக்கும் மறக்காது.

நான்காம்படி நிலமின்மை. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தோருள், காணியும் வெளிநாட்டு உறவும் உள்ளோர் வேறு வழி தேடிக்கொண்டார்கள். கால் நூற்றாண்டுக்கு மேலாக முகாம் கொட்டில்களில் தங்க நேர்ந்தவர்களுள் பெரும்பாலோர் காணியற்ற ஒடுக்கப்பட்ட குடும்பத்தினரே. முகாமில் பிறந்து, முகாமிலே பள்ளி வயதைக் கடந்த ஒரு தலைமுறை உண்டு. அவர்களுக்கு அக்கறையில்லை என்று சொல்ல எவருக்கு நாவெழும்?

இது நமக்கு மட்டும் வந்த நோயன்று. அமெரிக்காவிலே மெக்சிக்கோ முதலிய நாடுகளிலிருந்து வந்து குடியேறிய, இசுப்பானிய மொழி வழி வந்த மக்கள் இருக்கிறார்கள். அவர்களுள் பலர் பிறருடைய தோட்டங்களிலே பழமும் மரக்கறியும் பறித்து வாழ்ந்தவர்கள். கலிபோர்னியாவில் அவர்களின் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளிக்கூடங்கள் வைத்திருந்தார்கள். மெண்டஸ் என்னும் குடும்பத்தாரும் வேறு சிலரும் வழக்குத் தொடுத்து 1946இல் வென்றார்கள். 1947இல் மேன்முறையீட்டிலும் அத்தீர்ப்பு நிலைத்தது. படலை அங்கும் திறந்தது. விலகல் அங்கும் நிற்கவில்லை. 2000ஆம் ஆண்டிலே, 16 வயதுக்கும் 24 வயதுக்கும் இடைப்பட்ட அம்மக்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 28 பேர் உயர்தரப் பள்ளியை முடிக்காமலும், பள்ளியில் இல்லாமலும் இருந்தார்கள். அங்கும் சிலர் இனத்தின் குணம் என்றார்கள். ஆனால் அந்நாட்டிலே பிறந்த பிள்ளைகளைவிட, வெளிநாட்டிலே பிறந்து வந்த பிள்ளைகளிடையேதான் விலகல் மிக மிகுதியாயிருந்தது. இரத்தம் ஒன்றுதான், மொழியும் வறுமையும் வாய்ப்புமே வேறு. இரண்டு தசாப்தங்களில் அந்த 28, ஏறத்தாழ 8 ஆகக் குறைந்தது. குணம் என்றால் இருபது ஆண்டில் மாறுமா?

அவர்கள் குறைத்ததற்கு முதற் காரணங்களுள் ஒன்று, அவர்கள் எண்ணினார்கள் என்பது. எத்தனை பேர், எந்த இனத்தவர், எந்த வகுப்பில் விலகினர் என்று ஆண்டுதோறும் எண்ணினார்கள். இங்கே குடிசன மதிப்பீட்டிலே சாதி கேட்கப்படுவதில்லை. அது கேட்கப்பட வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. மறக்க வேண்டியதை ஏட்டில் எழுதி நிலைநிறுத்த வேண்டாம். ஆனால் விலகும் பிள்ளையையாவது பெயரோடு எண்ண வேண்டாமா? எண்ணப்படாத பிள்ளை காணப்படாத பிள்ளையாகும்.

ஆகையால், கூடியிருக்கும் உங்களிடம் சில வேண்டுகோள்கள்.

கிராம சேவையாளர் பிரிவுதோறும் பிள்ளைகளின் வரவைக் கவனிக்கக் கட்டாயக் கல்வி ஒழுங்குவிதி வழி வகுத்திருக்கிறது. அந்தக் குழு தூங்கினால் எழுப்புங்கள். ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் இத்தனை பேர், ஆறாம் வகுப்பில் சேர்ந்தோர் இத்தனை பேர் என்ற ஒரு தாள் ஊருக்கு ஊர் எழுதப்படட்டும். இரண்டு எண்ணும் ஒவ்வாவிடில், அந்த வீட்டுப் படலையைத் தட்டுங்கள்.

கமக்காரப் பெருமக்களே! வெங்காயம் பிடுங்கும் காலத்திலும் புகையிலை வெட்டும் காலத்திலும் பள்ளி வயதுப் பிள்ளையைக் கூலிக்குக் கூப்பிடாதீர்கள். வேலைக்கமர்த்தும் ஆகக்குறைந்த வயது 2021இல் 16 ஆக உயர்த்தப்பட்டுவிட்டது. சட்டத்துக்கு அஞ்சியல்ல, மனச்சாட்சிக்கு அஞ்சி இதைச் செய்யுங்கள்.

ஆசிரியப் பெருமக்களே! குறிச்சியைக் கேளாதீர்கள். பழைய மாணவர் சங்கத்தாரே! கடல் கடந்து வரும் பணம் பெருங் கல்லூரிகளின் மண்டபங்களுக்கும் மைதானங்களுக்கும் போகிறது. அதில் ஒரு பங்கு, மூடப்படும் தறுவாயிலிருக்கும் சிறு பள்ளிக்கூடத்தின் மாலை வகுப்புக்குப் போகட்டும். சட்டத்தரணிகளே! ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அது விசாரணையில் இருக்குங் காலம் உயர் நீதிமன்றத்துக்குரிய தவணையில் சேராது என்பதை 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. ஆணைக்குழுவுக்கு யாழ்ப்பாணத்திலேயே அலுவலகம் உண்டு. ஏழைத் தாய்க்கு அந்த முறைப்பாட்டைக் கூலியின்றி எழுதிக் கொடுப்பது நம் தொழிலுக்குப் பெருமை.

இறுதியாக ஒன்று. கொழும்பிலே சமவுரிமை கேட்கும் இனம், தன் குறிச்சியிலே அதை மறுக்குமாயின், அதன் கோரிக்கை வலுவிழக்கும். சாதிப் பேச்சை எடுத்தால் ஒற்றுமை குலையும் என்று நம்மிடம் சொல்பவர்கள் உண்டு. ஒற்றுமையைக் குலைப்பது பேச்சன்று. வெறுமையாய்க் கிடக்கும் வாங்கு. தமிழ்ப் பிள்ளை ஒன்று பள்ளிக்கூடத்தை விட்டு விலகினால், அது இன்னாருடைய பிள்ளை என்று குறிச்சி பார்க்க வேண்டாம். அது நம்முடைய பிள்ளை. அழைத்து வந்து வாங்கில் இருத்துவது நம்முடைய கடமை.